லேசான சளிதானே என்று கிளம்பிவிடலாமா?

எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டாம் வகுப்பு படிக்கிற பையனுக்குத் திங்கள் ராத்திரி காய்ச்சல் ஆரம்பித்தது. செவ்வாயும் புதனும் காலையில் மருந்து ஊற்றி ஸ்கூலுக்கு அனுப்பினார். புதன் பதினொரு மணிக்கு மிஸ் போன் செய்து வந்து கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை பரீட்சை. வருஷம் முழுக்க லீவே போடாத பிள்ளைக்கு ஆண்டு விழாவில் பரிசு உண்டாம். இப்போது இவருக்கும் தொண்டை கரகரக்கிறது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ஒரே ரூம் வீடு. அதில் சர்க்கரையும் வீசிங்கும் உள்ள மாமியாரும் உண்டு. “சளி, காய்ச்சல், கண்வலி மாதிரி சின்ன ஒட்டுவாரொட்டிக்கெல்லாம் வீட்டில் உட்கார்ந்தே ஆகணுமா அக்கா? உட்கார்ந்தா ஒரு நாள் சம்பளம் போகுதே?” இதுதான் அவர் கேள்வி.

உட்காரத்தான் வேண்டும், தங்கச்சி. ஆனால் எல்லா நோய்க்கும் இல்லை, நோய் முழுசாகப் போகும்வரைக்கும் இல்லை. எந்த நோய்க்கு எந்த நாள் என்று தெரிந்துகொண்டால் இரண்டு மூன்று நாளில் காரியம் முடியும். அந்த இரண்டு மூன்று நாளைத்தான் நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். முதல் நாள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். ஐந்தாம் நாள் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி ஆனதும் படுக்கிறார்கள். பரப்ப வேண்டியதையெல்லாம் அதற்குள் பரப்பி முடித்திருப்பார்கள்.

நான் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இருபத்தேழு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். “இன்னா சிஸ்டர், லேசா சளிதான்” என்ற வார்த்தையை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேனோ. சொல்கிறவருக்கு அது லேசுதான், பொய் இல்லை. ஆனால் லேசு என்பது அந்த ஆளின் உடம்பைப் பொறுத்தது. அதே கிருமி பக்கத்து ஆளுக்குப் போனால் அங்கேயும் லேசாகத்தான் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது.

இதை நான் பாடமாகப் படித்தது முன்னமே. உடம்பில் உறைத்தது என் தங்கை பெண்ணுக்குக் குழந்தை பிறந்தபோது. பதினோராம் நாள் தொட்டிலில் போடுகிறார்கள் என்று போயிருந்தேன். எனக்கு அன்று காலையிலிருந்து மூக்கு ஒழுகல், இரண்டு தும்மல், அவ்வளவுதான். காய்ச்சல் கிடையாது. நர்ஸ் பெரியம்மா ஆயிற்றே, குழந்தையை முதலில் என் கையில்தான் கொடுத்தார்கள். நானும் வாங்கி, நெற்றியோடு நெற்றி வைத்துக் கொஞ்சினேன். நான்கு நாள் கழித்துக் குழந்தை பால் குடிக்காமல் மூச்சு வாங்குகிறது என்று போன் வந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில், அதில் இரண்டு நாள் ஆக்ஸிஜன். அந்தச் சின்ன மூக்கில் குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்திரி கன்னத்தில் பாதியை மறைத்திருந்தது. என்னிடமிருந்துதான் போனது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லவில்லை. வீட்டில் ஒருவரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. ஆனால் பெரியவர்களுக்கு வெறும் ஜலதோஷமாக வந்து போகிற சில வைரஸ்கள் பச்சைக் குழந்தையின் நுரையீரலில் இறங்கினால் இப்படித்தான் செய்யும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் போனேன். குழந்தை பிழைத்தது, இப்போது ஓடியாடுகிறது. அன்றிலிருந்து மூக்கு ஒழுகினால் நான் எந்த விசேஷத்துக்கும் போவதில்லை.

வீட்டில் இருப்பது நமக்குப் புதிய பழக்கம் ஒன்றும் கிடையாது. அம்மை போட்டால் என்ன செய்கிறோம்? வாசலில் வேப்பிலை செருகுகிறோம். அதைப் பார்த்தால் பால்காரர் கூட உள்ளே வராமல் வெளியிலேயே வைத்துவிட்டுப் போவார். கர்ப்பமாக இருக்கிற பெண் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று ஆயாக்கள் துரத்துவார்கள். மூன்று தண்ணீர் ஊற்றி முடிக்கிறவரை வேலைக்குப் போ என்று எந்த முதலாளியும் சொல்ல மாட்டார்; சம்பளத்தைப் பிடித்தாலும் பயத்தில் லீவு கொடுத்துவிடுவார். சின்னம்மை கொப்புளம் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலிருந்தே ஒட்டும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டினால் நின்றுவிடும். அது பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள். அந்தக் கணக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் தண்ணீர் ஊற்ற வைத்திருக்கிற கணக்கும் கிட்டத்தட்ட ஒத்துப்போகின்றன. கர்ப்பிணியை விலக்கி வைத்ததும் ரொம்பச் சரி. அம்மைக்கு ஒரு வாரம் ஒதுங்கியிருக்கத் தெரிந்த நமக்கு ஃப்ளூவுக்கு மூன்று நாள் ஒதுங்குவதுதான் கேவலமாகத் தெரிகிறது. ஃப்ளூவுக்கு வேப்பிலை கிடையாது, அதனால் யாருக்கும் தெரிவதில்லை.

இனி உங்கள் பையன் விஷயம். நீங்கள் மட்டும் இல்லை, காலையில் மருந்து ஊற்றி அனுப்புவது வடசென்னையில் பாதி வீட்டில் நடக்கிறது. பாராசிட்டமால் காய்ச்சலை இறக்கும். நான்கிலிருந்து ஆறு மணி நேரம் தாங்கும். ஏழு மணிக்குக் கொடுத்தால் பதினொரு மணிக்கு மேல் மறுபடி உடம்பு சுடும். மிஸ் போன் செய்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். அந்த நான்கு மணி நேரத்தில் சூடு இல்லையே தவிர, வைரஸ் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. பிள்ளை உற்சாகமாக விளையாடுவான், பக்கத்துப் பையனின் தண்ணீர் பாட்டிலில் வாய் வைப்பான். படுத்துக் கிடக்கிற பிள்ளையை விட மருந்து போட்டு எழுப்பிவிட்ட பிள்ளைதான் அதிகம் பேருக்குக் கொடுக்கிறான். அதனால் கணக்கு இதுதான்: மருந்தே கொடுக்காமல் முழுசாக 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால் மட்டும் ஸ்கூல். பெரியவர்கள் வேலைக்குப் போவதற்கும் இதே கணக்கு.

பரீட்சை என்கிறீர்கள். இரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளையையும் ஃபெயில் ஆக்கி அதே வகுப்பில் உட்கார வைக்க முடியாது, கல்வி உரிமைச் சட்டமே அதைத் தடுக்கிறது. லீவே போடாத பிள்ளைக்குப் பரிசு என்கிற வழக்கத்தைப் பற்றி எனக்கு ஒரு நல்ல வார்த்தையும் கிடையாது. காய்ச்சலோடு வந்த பிள்ளைக்குக் கைதட்டுகிறோம், அவனால் படுத்த நாலு பிள்ளைகளுக்குப் பரிசு இல்லாமல் போகிறது. பெற்றோர் கூட்டத்தில் இதை எழுந்து கேளுங்கள். மிஸ்களே ஆமோதிப்பார்கள், முதலில் ஒட்டிக்கொள்வது அவர்களுக்குத்தானே.

நாள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஜலதோஷம் முதல் இரண்டு மூன்று நாள்தான் அதிகம் ஒட்டும். ஃப்ளூ, அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்னாலேயே ஒட்ட ஆரம்பித்து, அப்புறம் ஐந்தாறு நாள் இருக்கும். அதிலும் முதல் மூன்று நான்கு நாள் மோசம். சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் நீளும். 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃப்ளூ சுற்றியபோது தமிழ்நாடு முழுக்கக் காய்ச்சல் முகாம் போட்டார்கள், புதுச்சேரியில் ஸ்கூலுக்கே லீவு விட்டார்கள். தாளம்மை என்கிற பொன்னுக்கு வீங்கிக்கு, வீக்கம் தெரிந்து ஐந்து நாள். கை கால் வாய் நோய்க்கு, அதாவது தக்காளிக் காய்ச்சல் என்று பேர் வைத்தார்களே அதற்கு, காய்ச்சல் நின்று வாய்ப்புண் ஆறி எச்சில் வடிவது நிற்கிறவரை வீடு. அதன் வைரஸ் மலத்தில் வாரக்கணக்கில் இருக்கும் என்பதால் கழுவிவிட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுவது ரொம்ப நாளைக்குத் தொடர வேண்டும்.

வயிற்றால் போகிறது என்றால் நின்ற பிறகும் 48 மணி நேரம் வீட்டில் இருக்க வேண்டும். இது யாருக்கும் தெரியாத விஷயமாகவே இருக்கிறது. காலையில் நின்றது, மத்தியானம் பஜ்ஜி போட உட்கார்ந்துவிடுகிறார்கள். சாப்பாடு செய்கிறவர், பரிமாறுகிறவர், அங்கன்வாடியில் ஊட்டுகிறவர் இதில் பிடிவாதமாக இருந்தே ஆக வேண்டும். உணவுப் பாதுகாப்பு விதிகளும் ஒட்டுவாரொட்டி நோய் உள்ளவரைச் சாப்பாட்டைத் தொட விடக் கூடாது என்றுதான் சொல்கின்றன. இன்னொன்று, சானிடைசரைத் தேய்த்துக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். வாந்தி பேதியைக் கிளப்புகிற நோரோ வைரஸ் அதற்கு அவ்வளவாக மசியாது. சோப்பும் தண்ணீரும்தான்.

மெட்ராஸ் ஐ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் மூடநம்பிக்கையும் அலட்சியமும் சேர்ந்து இருக்கின்றன. கண்ணைப் பார்த்தாலே ஒட்டும் என்பது தப்பு. பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது. கை வழியாகத்தான் போகும். கண்ணைக் கசக்கிய கை, துடைத்த துண்டு, தலையணை, பஸ் கம்பி. கூலிங் கிளாஸ் போட்டால் மற்றவருக்கு ஒட்டாது என்று நினைப்பதும் தப்பு. அது கையைக் கண்ணுக்குப் போகாமல் தடுக்கிற அளவுக்குத்தான் உதவும்.

காசிமேட்டில் ஒரு விசைப்படகு கடலுக்குப் போய்ப் பாதியில் திரும்பிய கதை எனக்குத் தெரியும். கிளம்புகிற அன்றைக்கே ஒரு பையனுக்குக் கண் உறுத்தல். ஐஸ் ஏற்றியாகிவிட்டது, டீசல் போட்டாகிவிட்டது, ஆளை மாற்ற நேரமில்லை, வா என்று ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். படகில் படுக்கிற இடம் எவ்வளவு இருக்கும்? ஒரே பலகையில் தலைமாட்டில் ஒருத்தர் கால்மாட்டில் ஒருத்தர். முகம் துடைக்கப் பொதுவாய் ஒரே துண்டு. நல்ல தண்ணீர் குடிக்கத்தான் கணக்கு, கை கழுவ இல்லை. ஐந்தாம் நாள் எட்டுப் பேரில் ஆறு பேருக்குக் கண் திறக்க முடியவில்லை. வெயிலில் தண்ணீர் மினுக்குவதைப் பார்க்க முடியாமல் வலையை இழுக்க ஆளில்லாமல் கரைக்கு வந்துவிட்டார்கள். ஒரு ஆளின் பங்கை மிச்சம் பிடிக்கப் போய் எட்டு ஆளின் பங்கும் போயிற்று. அந்தப் பையனே என்னிடம், “நான் வரலன்னுதான்க்கா சொன்னேன்” என்றான். கண் சிவந்து தண்ணீர் வடிகிறவரை கூட்டத்துக்குப் போகாதீர்கள். மருந்துக் கடையில் கண் சொட்டு மருந்தைக் கேட்டு வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கண்ணுக்கே கேடு.

எதற்கு வீட்டில் இருக்கத் தேவையில்லை என்பதும் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் வருஷம் பூராவும் லீவுதான். சளி போன பிறகு வறட்டு இருமல் மூன்று வாரம் வரை கூட நிற்கும். காய்ச்சல் போய் ஒரு வாரம் ஆகி, உடம்பு தெம்பாக இருந்தால் அந்த இருமலோடு தாராளமாகப் போகலாம். மணலி, எண்ணூர்ப் பக்கம் காற்றே நெஞ்சைப் பிடிக்கும். புகையாலும் தூசியாலும் வருகிற இருமலும் வீசிங்கும் யாருக்கும் ஒட்டாது. மின்சார ரயிலில் யாராவது இருமினாலே முறைத்துப் பார்க்கிறோம், பாவம் அவர் கதை வேறாக இருக்கலாம். ஆனால் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். டிபி இல்லை என்று தெரிந்தால் நிம்மதி. இருந்தால் மாத்திரை இலவசம். அரசு சுகாதார நிலையத்தில் பரிசோதனைக்கும் காசு இல்லை. தலையில் பேன், படர்தாமரை, இதற்கெல்லாம் ஸ்கூல் லீவு வேண்டாம், வைத்தியம் ஆரம்பித்தால் போதும். சொறி சிரங்குக்கு முதல் தடவை மருந்து பூசிய மறுநாள் அனுப்பலாம். வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரியில் பூசிக்கொள்ள வேண்டும் என்பதுதான் முக்கியம்.

டெங்கு ஆளுக்கு ஆள் ஒட்டாது. ஆனால் காய்ச்சல் அடிக்கிற நாட்களில் அந்த ஆளைக் கடித்த கொசு அடுத்த வீட்டைக் கடிக்கும், அதுவும் பகலில். அதனால் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள்.

சம்பளம் பற்றிக் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் வீட்டில் இருங்கள் என்று மட்டும் சொல்கிறவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இலிருந்து இருக்கிறது. அதன்படி கடையில் வேலை செய்கிறவருக்கு உடம்பு சரியில்லை என்றால் வருஷத்துக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. எத்தனை கடையில் கொடுக்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். கடைப் பெண்கள் உட்கார நாற்காலி வேண்டும் என்பதற்கே 2021இல் தனியாகத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆனாலும் சட்டம் இருக்கிறது என்று தெரிந்து கேட்பது வேறு, கெஞ்சிக் கேட்பது வேறு. நாலு பேர் சேர்ந்து கேளுங்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடையாக இருந்து, சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு இருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்களா பாருங்கள். இஎஸ்ஐ டாக்டர் சான்று கொடுத்தால் நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஆனால் முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. இந்த ஒரு விதிதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஃப்ளூ அதிகம் ஒட்டுகிற நாளே அந்த முதல் இரண்டு மூன்று நாள்தான். எந்த நாளில் ஆள் வீட்டில் இருந்தால் ஊருக்கு நல்லதோ அந்த நாளுக்குத்தான் காசு இல்லை. பெரிய நோய்க்காரரை நினைத்துப் போட்ட விதி. சின்ன ஒட்டுவாரொட்டிக்கு அது தலைகீழாக வேலை செய்கிறது. மீன் விற்கிறவர், சுமை தூக்குகிறவர், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவருக்கு இதுவும் இல்லை. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் மாதச் சம்பளமும் விடுப்பும் உள்ளவர்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன்: உங்களால் இருக்க முடியும், இருங்கள். மீன்கார அம்மா இருமலோடு கூடையைத் தூக்குவதற்கு ஒரு காரணம் உண்டு, உங்களுக்கு அது இல்லை.

போயே ஆக வேண்டும் என்றால், மாஸ்க். நோய் உள்ளவர் போடுவதுதான் ரொம்பப் பயன். ஏசி பெட்டியைவிட ஜன்னல் திறந்த பஸ் மேல். மத்தியானச் சாப்பாட்டைத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைப் பகிர்வதில் போகிற தொற்று, எட்ட நின்று சேலை எடுத்துக் காட்டுவதில் போகாது. பச்சைக் குழந்தையோடு வருகிற வாடிக்கையாளரைப் பக்கத்துப் பெண்ணிடம் அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் வீடு. ஒரே ரூமில் எங்கே தனியாக இருப்பது? 2020 மே மாதத்தில் சென்னையிலேயே கொரோனா அதிகம் இருந்தது ராயபுரம் மண்டலத்தில். அதற்கு முக்கியக் காரணம் இந்த நெருக்கம்தான். அப்போது வீடு வீடாகப் போனவள் நான். நல்லபடியாகச் சமாளித்த வீடுகளில் பார்த்ததைச் சொல்கிறேன். ஜன்னலும் கதவும் திறந்திருக்கும், டேபிள் ஃபேன் நோயாளியின் பக்கத்திலிருந்து வெளியே பார்த்து ஓடும். பெரியவர்கள் ஒரு பக்கம் தலை வைத்தால் நோயாளி மறுபக்கம் தலை வைத்துப் படுப்பார். துண்டு, டம்ளர், தலையணை தனி. டம்ளரில் நூல் கட்டி வைத்திருந்த ஒரு வீட்டை இன்னும் மறக்கவில்லை. சிவப்பு நூல் அப்பாவுக்கு, பச்சை ஆயாவுக்கு என்று மூன்று வயசுக் குழந்தைக்குக் கூடத் தெரிந்திருந்தது. பகலில் பிள்ளையை மொட்டை மாடி நிழலிலோ வராந்தாவிலோ உட்கார வைப்பதும் ரூமுக்குள் அடைப்பதைவிட நல்லது.

பிள்ளை வேகமாக மூச்சு விட்டால், விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், தண்ணீர் குடிக்க மறுத்தால், மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால், காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலியும் வாந்தியும் வந்தால், வீட்டில் வைத்துக்கொண்டிருக்காமல் ஸ்டான்லிக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ உடனே போய்விடுங்கள். மாமியாருக்கு நெஞ்சு இறுகி மூச்சு வாங்கினாலும் அப்படியே. அவருடைய இன்ஹேலரில் மருந்து இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

நாளைக்குப் பையன் ஸ்கூலுக்கு வேண்டாம். உங்களுக்கு இன்னும் காய்ச்சல் இல்லை, தொண்டை மட்டும்தான். ஆனால் பையனிடமிருந்து வந்ததென்றால் நாளையும் நாளை மறுநாளும்தான் உங்களிடமிருந்து அதிகம் ஒட்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எப்படியும் ஆள் வேண்டும். மாமியாரிடம் விட்டுப் போனால் அவருக்கு வருவது உறுதி மாதிரி. அதனால் லீவு எடுப்பதென்றால் வியாழனும் வெள்ளியும் எடுங்கள், அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீர்கள். மிஸ்ஸுக்கு இன்றைக்கே ஒரு வாட்ஸ்அப் போடுங்கள், பரீட்சையை அப்புறம் எழுத வைக்கச் சொல்லி. இன்று ராத்திரி கடைசியாக மருந்து கொடுக்கிற நேரத்தைக் காலண்டரில் எழுதி வையுங்கள். அதற்கு மேல் மருந்து தேவைப்படாமல் ஒரு முழு நாள் ஓடி, வெள்ளிக்கிழமை காலையில் அவனாகவே எழுந்து பசிக்கிறது என்று கேட்டால், சாப்பிட வைத்து அனுப்பிவிடுங்கள்.